நான் வெட்டிய மூன்று பட்டங்கள்

கடிதப் போக்குவரத்துக்கான நிலையான கட்டளைகளில் பதினேழாம் விதிக்கு இரண்டு வாக்கியங்கள் உண்டு. முதல் வாக்கியம்: ஆட்களின் பெயரோடு ஒட்டி வரும் உபசாரப் பட்டங்களை நீக்கிவிட்டு எழுதுக. இரண்டாவது வாக்கியம்: ஒரு பட்டம் உபசாரத்துக்கு உரியதா அல்லவா என்று எழுதுபவருக்குத் தெரியாவிட்டால், தெரிந்தவரைக் கேட்டு, அவர் சொன்னதை ஓரத்தில் குறித்துக்கொண்ட பின்னரே எதையும் நீக்குக.

புதிதாகக் கிராணி என்கிற குமாஸ்தா வேலைக்கு வந்திருக்கும் தம்பிமாரே, இந்த விதியை மனப்பாடம் செய்யும்படி நான் உங்களிடம் சொல்லப்போவதில்லை. நான் மனப்பாடம் செய்திருந்தேன். அந்தக் காலத்தில் கோலாலம்பூர் அரசாங்கக் காரியாலயத்தில் இருந்த என்னைத் தூக்கத்தில் எழுப்பி எந்த விதியைக் கேட்டாலும் எண்ணோடும் உட்பிரிவோடும் சொல்வேன். பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் சீட்டாடும்போது தகராறு வந்தால்கூட என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவன் பதினேழாம் விதியின் முதல் வாக்கியத்தோடு நின்றுகொண்ட கதையை எழுதுகிறேன். இரண்டாவது வாக்கியம் அவ்வளவு தூரத்தில் இல்லை. அதே பக்கத்தில், அதற்கு நேர் கீழேதான் அச்சாகியிருந்தது.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை கிள்ளானிலிருந்து காலை ரயிலில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் காதர், கிள்ளான் பாசாரில் துணிக்கடை வைத்திருந்த நாகூர்க்காரர். அவருக்குப் பின்னால் வெள்ளைத் துப்பட்டியால் தலைமுதல் கால்வரை மூடிக்கொண்டு அவருடைய தங்கை மைமூன். அவளுடைய கணவர் முகம்மது இஸ்மாயில் மக்காவுக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதே கப்பலில் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்து, பேரீச்சம்பழம் பங்கிட்டுக் கொடுத்து, ஹாஜி என்ற பட்டத்தோடு கடையில் உட்கார்ந்துவிட்டார்கள். இவரை மட்டும் ஹஜ்ஜுக்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை; செய்தியும் இல்லை. ஜித்தாவில் நம் அரசாங்கத்துக்கு ஓர் அதிகாரி இருந்தார். அவருக்கு எழுதி விசாரிக்க வேண்டும் என்பது மனு.

மனுவில் அவர் பெயர் இப்படி இருந்தது: ஹாபிழ் முகம்மது இஸ்மாயில் ஆலிம் லெப்பை.

விசாரணைப் படிவத்தில் பெயர் எழுதும் கோடு என் சுட்டுவிரல் நீளம். எனக்கோ அழகான கையெழுத்து என்று ஒரு கர்வம். எழுத்தைக் குறுக்கி நெருக்கி எழுதுவது பிடிக்காது. ஹாபிழ், ஆலிம், லெப்பை மூன்றையும் பார்த்தேன். எங்கள் ஊர்க் கலியாணப் பத்திரிகைகளில் ஸ்ரீமான், ஸ்ரீலஸ்ரீ என்று போடுவார்களே, அதுபோலத்தான் இருக்கும் என்று தீர்மானித்தேன். பேனாவால் மூன்று கோடு. முகம்மது இஸ்மாயில், தமிழர், கிள்ளான், வயது முப்பத்தாறு. படிவம் பார்ப்பதற்கு அத்தனை சுத்தமாக இருந்தது.

தெரிந்தவரைக் கேட்பதற்கு நான் கடல் கடந்து போயிருக்க வேண்டியதில்லை. என் மேசையிலிருந்து ஐந்து முழம் தள்ளி, கதவுக்குப் பக்கத்து ஸ்டூலில், எங்கள் காரியாலயத்துப் பியூன் உட்கார்ந்திருப்பார். மலாய்க்காரர். மக்காவுக்குப் போய் ஏழு மாதம் தங்கி வந்தவர். அவரை எல்லோரும் ஹாஜி என்றுதான் கூப்பிடுவோம். "ஹாஜி, தேத்தண்ணி", "ஹாஜி, இந்த ஃபைல்". ஒரு பட்டத்தை அப்படியே தினம் நாற்பது தடவை சொல்லிச் சொல்லி, அதற்குப் பொருள் இருக்கிறது என்பதை மறந்துபோனவர்கள் நாங்கள்.

காதர் வெள்ளிக்கிழமைதோறும் கோலாலம்பூருக்குத் துணி எடுக்க வருவார். ஜும்ஆ தொழுகைக்கு நேரமானதும் தங்கையை எங்கள் வராந்தா பெஞ்சில் விட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போவார். அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். நான் வராந்தாவைக் கடக்கும்போது துப்பட்டிக்குள் தலை நிமிரும். நான் கையை விரிப்பேன். தலை குனியும். இப்படிப் பதினெட்டோ பத்தொன்பதோ வெள்ளிக்கிழமை.

அந்த நாட்களில் என் மனைவி யாழ்ப்பாணத்தில் இருந்தாள். கப்பல் தபால் வரும் நாளில் நானும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் தலையை நிமிர்த்திக் குனிந்துகொண்டிருந்தேன். எனக்கு மேசை இருந்ததால் அது வெளியே தெரியவில்லை.

பதில் ஓகஸ்ட் மாதம் வந்தது. மலாயாவிலிருந்து வந்த முகம்மது இஸ்மாயில் என்ற தமிழர் ஜித்தா ஆஸ்பத்திரியில் காய்ச்சலால் இறந்துவிட்டார். தொழில், சமையல். அவர் தம் உடைமைகளை ஒப்படைத்த சீட்டு இணைக்கப்பட்டிருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி.

அன்று வெள்ளிக்கிழமை அல்ல. ஆனாலும் ஆள் அனுப்பிக் காதரை வரவழைத்தேன். தங்கையையும் அழைத்துக்கொண்டு வந்தார். நான் கடிதத்தை மெதுவாகத் தமிழில் சொன்னேன். காதர் "இன்னா லில்லாஹி" என்று சொல்லி, தொப்பியைச் சரிசெய்து, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெஞ்சிலிருந்து அழுகை வரும் என்று காத்திருந்தேன். கேள்விதான் வந்தது.

"கிராணி ஐயா, மச்சான் பேருக்கு முன்னால என்ன போட்டிருக்கு?"

கணவரைத்தான் அவர்கள் பக்கத்தில் மச்சான் என்பார்கள், அண்ணனை நானா என்பார்கள். நான் கடிதத்தைப் பார்த்தேன். "ஒண்டும் இல்லை."

"பின்னால?"

"பின்னாலயும் இல்லை."

"அப்ப அது அவஹ இல்ல."

காதர் திரும்பினார். "என்னம்மா நீ? பேரு சரியா இருக்கு, ஊரு சரியா இருக்கு..."

"நானா, அவஹ எங்க போனாலும் ஆலிம்னு சொல்லாமலேயே ஆளுக தெரிஞ்சுக்குவாஹ. சமையல்காரர்னு யாரு எழுதுவா? கையெழுத்துக்குப் பெருக்கல் குறியாமே! அரபு, தமிழு, மலாயு மூணும் எழுதுற கை அது."

"காய்ச்சல்ல சாகக் கிடக்குற மனுசன் என்னத்தப் புள்ள கையெழுத்துப் போடுவான்? பேனாவைப் பிடிச்சதே பெருசு."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவர் கொடுமைக்காரர் அல்ல என்பதையும் எழுதிவிட வேண்டும். கடையைக் கைமாற்றிக் கொடுத்துவிட்டு நாகூருக்கே திரும்ப ஏற்பாடு செய்துகொண்டிருந்தவர் அவர். தங்கையைத் தனியாகக் கிள்ளானில் விட்டுப் போக முடியாது. ஊரில் மாமன் மகன் ஒருவர் மனைவியை இழந்து இரண்டு பிள்ளைகளோடு இருந்தார். கணவர் இறந்ததற்கு ஒரு காகிதம் இருந்தால் காதியிடம் காட்டலாம். இத்தா என்ற காத்திருப்புக் காலம் முடிந்ததும் மறுமணம் செய்து கொடுத்துவிடலாம். காகிதம் கொடுக்க வேண்டியவன் நான். பேனா என் கையில் இருந்தது.

"ஐயா, எழுதிக் கொடுத்துருங்களேன். அரசாங்கமே மவுத்துன்னு சொன்ன பெறகு நாம யாரு?" என்றார் காதர்.

என்னிடம் இருந்த ஜித்தாக் கடிதம் முறைப்படி சரியானது. முத்திரை, ஒப்பம், இணைப்பு எல்லாம் இருந்தன. நான் கேட்ட கேள்விக்கு அந்த அதிகாரி ஒழுங்காகப் பதில் அனுப்பியிருந்தார். அவரிடம் ஒரு முகம்மது இஸ்மாயிலைக் கேட்டேன். ஒரு முகம்மது இஸ்மாயிலைக் கொடுத்துவிட்டார். அரபு நாட்டில் அந்தப் பெயரில் எத்தனை பேர் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அந்த மூண்டு சொல்லுக்கும் என்ன அர்த்தம்?" என்று அவளைக் கேட்டேன். நாலு மாதம் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"லெப்பைன்னா செய்யிற வேலைங்க. புள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்குறது, பேரு வைக்கிறது, மவுத்தானவஹ மையித்தக் குளிப்பாட்டுறது. ஊர விட்டா வேலையும் விட்டுச்சு. ஆலிம்னா படிச்ச படிப்பு. உஸ்தாதுமாரு கிட்ட வருசக்கணக்கா இருந்து வாங்குனது. அத யாரும் திருப்பி வாங்க முடியாது."

"ஹாபிழ்?"

"குர்ஆன் முழுக்க, முப்பது ஜுஸ்வு, முப்பது பாகமும் நெஞ்சுல இருக்குன்னு அர்த்தம். ஆனா அது மத்த ரெண்டு மாதிரி இல்ல ஐயா. தினம் ஓதணும். ஓதாம விட்டா நழுவிப் போயிரும். நேத்து ஹாபிழா இருந்தவஹ இன்னைக்கு இல்லாமப் போகலாம். ஹாஜி, செய்யிது எல்லாம் வந்தா வந்ததுதான். ஒண்ணு போயிட்டு வந்தது, ஒண்ணு பொறந்த பொறப்பு. இது அப்படி இல்ல."

எங்கள் காரியாலயத்தைப் பற்றி யோசித்துப் பார்த்தேன். பெரிய கிராணி, சின்ன கிராணி, எல்லாம் ஒருமுறை வந்தால் ஓய்வுபெறும்வரை நம்முடையவை. காலையில் எழுந்து மறுபடியும் தகுதி பெற வேண்டிய பதவி ஒன்றுகூட இல்லை. இருந்திருந்தால் பாதி மேசைகள் காலியாகியிருக்கும்.

"ஓதும்போது பிழை விட்டால் யார் பார்ப்பது?"

"நான்தான்" என்றாள். "விடியக்காலம் ஃபஜ்ரு தொழுதுட்டு அவஹ ஓதுவாஹ. நான் எதிர்ல குர்ஆன விரிச்சு வச்சுக்கிட்டுக் கண்ணால கூடவே போவேன். எனக்கு அர்த்தம் தெரியாது, எழுத்துத் தெரியும். தப்பு வந்தா வாயத் தொறந்து சொல்றதில்ல. குர்ஆன் வைக்கிற பலகை இருக்குல்ல, அதுல விரலால ஒரு தட்டு. உடனே திருத்திக்குவாஹ. பெரும்பாலும் தப்பே வராது. பதினாறாவது ஜுஸ்வுல மட்டும் ஒரு எடம். அந்த ஆயத்து, அந்த வசனம், அதே மாதிரி வேற ஒரு எடத்துலயும் வரும். எப்பவும் அங்க வந்து நிப்பாஹ. நான் தட்டுவேன்னு பாப்பாஹ. சில நாளு தெரிஞ்சே நிக்கிறாஹளோன்னு எனக்குத் தோணும்."

காதர் வேறு பக்கம் பார்த்தார். தங்கையின் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டது போல அவருக்கு இருந்திருக்கும்.

"இப்ப அங்க யாரு தட்டுறாளோ" என்றாள் அவள். அவ்வளவுதான்.

தம்பிமாரே, முறைப்படி சரியான காகிதம் ஒரு பக்கம். கையில் ஒன்றுமே இல்லாத ஒரு பெண்ணின் வார்த்தை மறு பக்கம். அன்று நான் மரணத்துக்கு அத்தாட்சி எழுதியிருந்தால் எந்தத் தணிக்கையும் என்னைப் பிடித்திருக்காது. ஆனால் இந்தப் பதிலைத் தப்பு என்று சொல்ல வேண்டுமென்றால், என் கேள்வி தப்பு என்று முதலில் சொல்லியாக வேண்டும்.

"ஆள் இன்னார் என்பது நிரூபணமாகவில்லை" என்று குறிப்பு எழுதினேன். அதற்குக் கீழே: "முதல் விசாரணையில் பெயரைப் பதினேழாம் விதிக்கு மாறாகச் சுருக்கியவன் நானே."

பெரிய கிராணி அதை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எங்கள் ஊர் மனிதர்தான்.

"என்ன காணும் இது?"

"நடந்ததை எழுதினேன் ஐயா."

"உம்மடை பதவி உயர்வு வாற மாசம் பெரியவரிட்டைப் போகுது. இது ஃபைலிலை கிடந்தால் அவர் கண்ணிலை படும். தெரியுமோ?"

"ஓம், தெரியும்."

"மேல் வசனம் மட்டும் இருந்தால் போதாதோ? கீழ் வசனம் ஏன்?"

"கீழ் வசனம் இல்லாட்டில், ரெண்டாந்தரம் ஏன் விசாரிக்க வேணும் எண்டு ஜித்தாவிலை கேப்பாங்கள்."

அவர் மூக்குக்கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். "விதி தெரிஞ்சவனுக்கு இதுதான் கரைச்சல்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். என் உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. அவர் எதிர்பார்த்தது போலவே எங்கள் மேலதிகாரியான பெரியவரின் கண்ணில் பட்டது.

இரண்டாவது விசாரணைக்கு முன்னால் பியூன் ஹாஜியின் ஸ்டூலுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் மலாயில் சொன்னதன் சாரம்: "ஹாபிழைத் தேட ஆஸ்பத்திரிக்கும் கப்பல் துறைக்கும் ஏன் எழுதினீர்கள், துவான்? மக்காவில் ஓதிக்கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. மலாய்க்காரர்கள், ஜாவாக்காரர்கள் தங்கும் தெருக்களிலும் இருக்கின்றன. மீன்காரனைத் தேடினால் மீன் கடைக்கு அல்லவா போவீர்கள்?" பிறகு, கொஞ்சம் வருத்தத்தோடு, "என்னை முன்பே கேட்டிருக்கலாமே" என்றார். அன்றுதான் அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டேன். உஸ்மான். பன்னிரண்டு வருடமாக என் பக்கத்தில் இருந்தவர்.

பட்டம் என்பது பெயருக்குப் போட்ட அலங்காரம் என்று நினைத்தேன். அது அந்த ஆளை எங்கே போய்த் தேட வேண்டும் என்று சொல்கிற விலாசம். ஆலிம் என்றால் படித்தவர்கள் கூடும் இடத்தில் தேடு. ஹாபிழ் என்றால் ஓதுகிற இடத்தில் தேடு. விலாசத்தை வெட்டிவிட்டுக் கடிதம் அனுப்பியிருந்தேன்.

புதிய படிவத்தில் முழுப் பெயரையும் எழுதினேன். கோட்டைத் தாண்டி ஓரம் வரை போயிற்று. எழுத்தும் அழகாக வரவில்லை. தனித்தாளில் மூன்று பட்டங்களுக்கும் அவள் சொன்ன பொருளை எழுதினேன். ஜித்தா அதிகாரி வெள்ளைக்காரர், மக்காவுக்குள் போக முடியாது. அவருடைய முஸ்லிம் கிளார்க்கு ஓதும் இடங்களில் போய் விசாரிக்க வேண்டும் என்றும் கேட்டேன். அங்க அடையாளம் என்று ஒரு கட்டம் உண்டு. மச்சம், தழும்பு, ஊனம் எழுதுவார்கள். மைமூனின் சம்மதம் வாங்கிக்கொண்டு அதில் எழுதினேன்: "பதினாறாவது ஜுஸ்வை ஓதச் சொல்லவும். ஓர் இடத்தில் நிற்பார்." எந்த இடம் என்பதையும் அவளே குர்ஆனில் காட்ட, உஸ்மான் அரபு எழுத்தில் எழுதிக் கொடுத்தார். அரசாங்கப் படிவத்தில் அப்படி ஓர் அங்க அடையாளம் அதற்கு முன்னும் பின்னும் எழுதப்பட்டதாக எனக்குத் தெரியாது.

அந்த வாரம் என் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், நான் காணாமல் போனால் என்ன அடையாளம் சொல்வாய் என்று கேட்டிருந்தேன். "எதைக் கேட்டாலும் முதலில் விதி எண்ணைச் சொல்பவர் என்று எழுதுவேன். உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்" என்று பதில் வந்தது. அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவள் இல்லை.

காதர் கோபித்துக்கொண்டார். பிறகு ஆறினார். ஐப்பசி போயிற்று, மார்கழி போயிற்று. வெள்ளிக்கிழமைப் பெஞ்சு தொடர்ந்தது. ஒருநாள் அவர் தனியாக என் மேசைக்கு வந்தார்.

"ஐயா, கடையக் கொடுத்தாச்சு. மார்ச்சு பதினொண்ணு செவ்வாக்கெழம கப்பலு. அவளையும் கூட்டிக்கிட்டுத்தான் போறேன். அது வரைக்கும் பாப்போம். அதுக்குப் பெறகு பதிலு வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான். ஊருக்குப் போயிட்டா பெரியவுங்க சொல்றதுதான். அவ பேச்சு எடுபடாது."

"அவ என்ன சொல்றா?"

"என்ன சொல்லுவா? தெனம் காலையில பலகைய விரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்துருக்கா. எதிர்ல ஆளே இல்ல. பக்கத்தத் திருப்பிக்கிட்டுக் கண்ணால ஓடிக்கிட்டிருக்கா. எனக்குப் பாக்க முடியலங்க."

நான் அன்றே ஒரு நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன். விதிப்படி ஆறு வாரத்துக்கு ஒன்றுதான் அனுப்பலாம். நான் முந்தியது போன மூன்றாவது வாரத்திலேயே அனுப்பினேன். எந்த விதியை மீறினேன் என்று எண் தெரியும்; இங்கே சொல்ல விருப்பமில்லை.

பதில் வந்த அன்று காதர் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். பெஞ்சில் அவள் மட்டும். உறையைப் பிரித்து முதலில் நான் வாசித்தேன். பிறகு வராந்தாவுக்குப் போய், கொஞ்சம் தள்ளி நின்று, அவளுக்குத் தமிழில் சொன்னேன்.

அந்தக் கிளார்க்கு எழுதியிருந்தார்: மக்காவில் ஓதும் இடங்களில் கிள்ளானைச் சேர்ந்த தமிழ் ஹாபிழ் என்று விசாரித்தபோது, அப்படி யாரும் இல்லை என்றார்கள். ஓர் இடத்தில் மட்டும், ஹாபிழ் இல்லை, ஆனால் ஒரு தமிழர் சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து முதலிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார் என்றார்கள். ஹஜ் முடிந்ததும் அவருக்குக் கடும் காய்ச்சல் வந்ததாம். மூன்று மாதம் படுக்கையில் கிடந்து எழுந்தபோது பெரும்பகுதி நெஞ்சை விட்டுப் போயிருந்ததாம். ஹாபிழ் என்று கிள்ளானில் எல்லோரும் கூப்பிடுவார்களே, அந்தப் பெயருக்கு இனி எந்த முகத்தோடு திரும்புவது, வீட்டுக்கு என்னவென்று எழுதுவது என்று எழுதாமலே இருந்துவிட்டாராம். இருபத்திரண்டு ஜுஸ்வு திரும்ப வந்துவிட்டது. எட்டு மிச்சம்.

பதினாறாவது ஜுஸ்வை ஓதச் சொன்னேன் என்று எழுதியிருந்தார் அந்தக் கிளார்க்கு. தடையில்லாமல் ஓதிக்கொண்டு வந்தார். நீங்கள் குறித்த அதே இடத்தில் நின்றார். மறந்துபோய் நின்றவர் மாதிரித் தெரியவில்லை. தரையைப் பார்த்தபடி எதற்கோ காத்திருந்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல், பக்கத்தில் இருந்த பலகையில் விரலால் தட்டினேன். அவர் அழுதுவிட்டார்.

நான் அதற்கு மேல் வாசிக்கவில்லை. அடியில் கப்பல், சீட்டு, அனுமதி பற்றி நாலு வரி இருந்தது. அது காரியாலயத்துக்கு உரியது. அவளுடைய வலது கை துப்பட்டிக்கு வெளியே பெஞ்சின் மரத்தில் இருந்தது.

காதர் படியேறி வருவது தெரிந்தது. அதற்குள் அவள் சொன்னாள்: "மிச்சம் எட்டையும் வீட்டுல வந்து ஓதலாம்னு எழுதுங்க ஐயா. பலகை இங்கதான் இருக்கு."

"பேரை எப்படி எழுதட்டும்? ஹாபிழ் என்ற பேருக்குத் திரும்ப முகமில்லை என்கிறாரே."

"மூணையும் எழுதுங்க."

எழுதினேன். பதினேழாம் விதியின் இரண்டாவது வாக்கியப்படி ஓரத்தில் குறிப்பும் எழுதினேன்: பட்டம் எதுவும் நீக்கப்படவில்லை, கேட்கப்பட்டவர், மனைவி. பின்னர், காதரின் கப்பலுக்கு நாலு நாள் முன்னால் வந்து சேர்ந்த ஜித்தாக் கடிதத்தை எடுத்து, வந்த நாளை அதன் மேல் மூலையில் குறித்தேன்.

வெள்ளிக்கிழமை, மார்ச் ஏழாம் தேதி.